மடவை நின்ற இடம்

நாகமுத்து அண்ணனை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது அவர் வீட்டு வாசலில். கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் தண்ணீருக்குள் இருந்தன.

"என்னண்ணே, காய்ச்சல்னு சொன்னாங்க. காலை நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றேன்.

"ஏத்தம் வருது தம்பி" என்றார்.

 தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஏறியது. அவர் படியின் ஒரு ஓரமாக நகர்ந்துகொண்டார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விடுவதுபோல் இருந்தது. நான் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வரும்போது தண்ணீர் வடிந்திருந்தது. அவர் வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

ஏன் அப்படி நகர்ந்து உட்கார்ந்தார் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவரைத் தோணியில் வைத்துக் கரைமேட்டுக்குக் கூட்டிப்போனவன் நான்தான்.

எங்கள் ஊர் பெருங்கழியின் மேற்குக் கரையில் இருக்கிறது. இரண்டு ஆறுகள் வந்து கழியில் விழுகின்றன. கரையில் நின்று கிழக்கே பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. வெளிறிப்போன ஒரு கோடு மட்டும் தெரியும். அதுதான் கரைமேடு. கழிக்கும் கடலுக்கும் நடுவில் தெற்குவடக்காகப் படுத்திருக்கும் மணல். அதில் ஒரே ஒரு வாசல் உண்டு. அந்த முகத்துவாரத்தை நாங்கள் முகம் என்று சுருக்கிச் சொல்வோம்.

முகம் வழியாகக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே வரும். அது ஏற்றம். இரண்டு தடவை திரும்பிப் போகும். அது வற்றம். ஏற்றத்தில் எங்கள் வீட்டு ஓடைகளில்கூடத் தண்ணீர் வந்து படியைத் தொடும். வற்றத்தில் கழியின் நடுவே சேறு வெளியே வந்து வெயிலில் மினுங்கும். நண்டுகள் வளையை விட்டு வெளியே வரும். உளுவை மீன்கள் சேற்றின் மேல் துள்ளித் துள்ளிப் போகும். சேற்றில் இரை பொறுக்க உள்ளான் பறவைகள் இறங்கும். தெற்கே அலையாத்திக் காடு. அந்த மரங்களின் வேர், ஆணி அடித்து வைத்ததுபோலச் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும். அந்த வேரால்தான் மரம் மூச்சு விடுகிறது. வற்றம் வரும்போது அதற்கு மூச்சு கிடைக்கும். நண்டு பொறுக்க நரி வருவதும் அந்த நேரத்தில்தான். மழை விட்டு மார்கழி பிறந்தால் பூநாரைகள் வந்துவிடும்.

அங்கே எல்லாம் அந்த ஒரு வாசலை நம்பி இருந்தது.

ஆற்றில் தண்ணீர் குறையும் காலத்தில் தெற்குக் காற்று மணலைத் தள்ளிக்கொண்டு வரும். முகம் ஒடுங்கும். சில வருஷம் அடைத்தே போகும். அப்போது ஊர் திரண்டுபோய் மணலை வெட்டிக் கடலைத் திறந்துவிட வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. முதல் வெட்டு நாகமுத்து அண்ணன் குடும்பத்துக்கு உரியது. இடத்தைப் பார்த்து அவர் மண்வெட்டியைப் போடாமல் வேறு எவனும் ஒரு பிடி மணலைக்கூட அள்ளமாட்டான்.

இடம் தப்பினால் பிரயோசனம் இல்லை. கழிக்குள்ளிருந்து ஓடை ஆழமாக வந்து கரைமேட்டை முட்டும் இடம் ஒன்று இருக்கும். வருஷத்துக்கு வருஷம் அது மாறும். அங்கே வெட்டினால், தண்ணீர் தன் வேகத்தில் வாசலை அகலமாக்கிக்கொள்ளும். வேறு இடத்தில் வெட்டினால் இரண்டு ஏற்றத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது அண்ணன் அல்ல. அவர் மனைவி பூங்காவனம். இது எல்லாருக்கும் தெரியும். முகம் அடைத்த வருஷங்களில் பூங்காவனம் அண்ணி தோணியின் முனையில் உட்கார்ந்து வருவாள். கரைமேட்டை ஒட்டியே தோணி போகும். கையைத் தண்ணீருக்குள் விட்டிருப்பாள். மணலுக்கு அடியில் கசிந்து வரும் கடல் தண்ணீர் அங்கே கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். கடல் வாசனை பிடித்த மடவை மீன்கள் அந்த இடத்தில் கூட்டமாக நிற்கும். அண்ணி ஒன்றும் சொல்லமாட்டாள். தாடையை மட்டும் நீட்டுவாள். அண்ணன் இறங்கி அங்கே வெட்டுவார். ஊர் அவரைக் கும்பிடும். அவர் தோணிப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

அண்ணி இறந்தபோது கரைமேட்டில்தான் புதைத்தோம். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அதுதான் இடம். அண்ணன் அங்கே மணலைக் குவித்து, சுற்றிலும் மட்டி ஓடு பதித்து, தலைமாட்டில் ஒரு பூவரசங்கொம்பு நட்டார். அது பிழைத்துக்கொண்டது.

அடுத்த இரண்டு வருஷமும் நல்ல மழை. முகம் தானாகவே திறந்திருந்தது.

கரைமேட்டில் குடிசை போட்டு ஒருத்தி இருந்தாள். கரைத்தாயி என்பார்கள். வயதில் அண்ணனைவிடப் பத்துப் பதினைந்து வருஷம் இளையவள். ஒரு காலத்தில் கருவாட்டுக் கூடை சுமந்து ஊர் ஊராகப் போனவள். ஒருநாள் கூடையை இறக்கி வைத்தவள் அங்கேயே இருந்துவிட்டாள். ஏன் தங்கினீர்கள் என்று கேட்டால், "கால் வலிச்சுது" என்பாள். காவி கட்டமாட்டாள். திருநீறு கொடுக்கமாட்டாள். ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் அவளைத் தேடிப் போவார்கள். அவள் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள்.

அண்ணியின் மேட்டைப் பார்க்கப் போன நாகமுத்து அண்ணனுக்கு அவள் கஞ்சி கொடுத்தாள். பிறகு அவர் தினமும் போக ஆரம்பித்தார். வயதில் பெரியவர் அவளைத் தாயி என்றார். அவள் அவரை அண்ணே என்றாள். யார் குரு, யார் சீடன் என்று வெளியே இருந்து பார்ப்பவனுக்குச் சட்டென்று பிடிபடாது.

ஒருமுறை அவர் கேட்டார்: "தாயி, சும்மா இருக்கிறது எப்படி?"

தாயி சேற்றில் நின்ற கொக்கைக் காட்டினாள்.

அண்ணன் வெகுநேரம் அதைப் பார்த்தார். "புரியுது தாயி. கொக்கு மாதிரி அசையாம, சும்மா இருக்கணும்."

"அது சும்மாவா இருக்கு?" என்றாள் தாயி. "மீனைக் கேட்டுப் பாருங்க."

இப்படித்தான் இருக்கும் அவர்கள் பேச்சு.

மூன்றாம் வருஷம் முகம் அடைத்துக்கொண்டது.

ஆடியில் ஒடுங்கியது. ஆவணியில் மணல் ஒரே மேடாகிவிட்டது. புரட்டாசியில் மேற்கே மழை பெய்து இரண்டு ஆற்றிலும் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீருக்குப் போக வழி இல்லை. கழி நிரம்பியது. ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. தண்ணீர் அப்படியே நின்றது. அலையாத்தி வேர்கள் முழுகின. ஒரு வாரம் கழித்து இலைகள் மஞ்சளாயின. நண்டுகள் மரத்தில் ஏறிக் கிளைகளில் ஒட்டிக்கொண்டு இருந்தன. வடக்கேயிருந்து உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. இறங்கக் கால் வைக்கச் சேறு இல்லை. பூட்டின வீட்டைச் சுற்றி வருவதுபோலக் கழியைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டுத் தெற்கே போய்விட்டன.

தாழ்ந்த வீடுகளில் தண்ணீர் புகுந்தது. என் மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். கட்டிலின் மேல் அடுப்பை ஏற்றி வைத்துச் சமைத்தாள்.

அண்ணன் பழைய முகம் இருந்த இடத்தில் முதல் வெட்டுப் போட்டார். ஊரே வெட்டியது. தண்ணீர் ஓடியது. கைதட்டினார்கள். அடுத்த நாள் கடல் அதை அடைத்துவிட்டது.

இரண்டாம் தடவை வடக்கே ஒற்றைப் பனைக்குப் பக்கத்தில் வெட்டினார். அது ஒரு நாள்கூட நிற்கவில்லை.

பஞ்சாயத்தார் அஞ்சப்பன் ஈர மணலில் உட்கார்ந்து கையை உதறினார். "என்ன நாகமுத்து இது. ஐப்பசி மழைக்கு முன்னாடி திறக்கலைன்னா ஊரைத் தூக்கிக்கிட்டு எங்கே போறது?"

அண்ணன் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

செவந்தி என்றொருத்தி. வாய் பெரியது. அவள் வீட்டில்தான் தண்ணீர் அதிகம். "மாமா, என் அடுப்புக்குள்ள கெளுத்தி குடி வந்துடுச்சு. குடும்பத்தோட இருக்கு. காலி பண்ணச் சொல்றதா, வாடகை கேக்குறதா, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மடவை எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நானும் பார்த்திருந்தேன். அஞ்சப்பனும் பார்த்திருந்தார். கரைமேட்டின் நடுவே, அண்ணியின் மேட்டுப் பூவரசுக்கு நேர் கீழே, தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அவ்வளவு மீன். வலை வீசினால் ஒரே வீச்சில் தோணி நிறையும். ஆனாலும் அங்கே யாரும் வலை வீசவில்லை. அங்கே வெட்டலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. வாய் பெரிய செவந்திகூடச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணன் என்னிடம் வந்தார். "தோணியை எடு தம்பி. தாயியைப் பார்க்கணும்" என்றார்.

 கரைமேட்டை நெருங்கும்போது அவர் கண் பூவரசைப் பார்த்தது. அதற்குக் கீழே தண்ணீரைப் பார்க்கவில்லை.

தாயி குடிசைமேல் ஏறி நின்று கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாதிக் கூரை ஏற்கெனவே கீழே கிடந்தது. குடிசை அண்ணியின் மேட்டிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

"வாங்கண்ணே. இந்தப் பக்கம் பிடிங்க" என்று ஒரு கீற்றை நீட்டினாள்.

அண்ணன் பிடித்துக்கொண்டார். "எதுக்குக் கூரையைப் பிரிக்கிறீங்க தாயி? மழை வரப்போவுது."

"மழை வரப்போவுதுன்னுதான்."

"மழைக்கு எல்லாரும் கூரை போடுவாங்க."

"போடுறவங்க போடட்டும்."

அண்ணன் கீற்றைப் பிடித்தபடியே நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. "இங்கே யாரு வெட்டப்போறா?"

"யாரும் சொல்லலையே."

"அப்புறம் எதுக்கு?"

தாயி மேலே இருந்தபடியே கழியைக் காட்டினாள். "விருந்தாளிங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. நான் நடுவீட்டுல பாயை விரிச்சுப் படுத்திருந்தா நல்லாவா இருக்கும்?"

அண்ணன் கீற்றைக் கீழே போட்டார். "நான் இங்கே வெட்ட மாட்டேன்."

"சரிண்ணே."

"முதல் வெட்டு என்னுது. நான் போடாம ஒருத்தனும் போடமாட்டான்."

"சரிண்ணே. அந்தக் கயித்தைக் கொஞ்சம் அவுத்துக் குடுங்க."

அண்ணன் கோபத்தோடு கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். அதைக் கேட்டவள் தாயியாக இல்லாவிட்டால் அறைந்திருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தாயி கீழே இறங்கினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நான் தோணிப் பக்கம் ஒதுங்கப் போனேன். "இருங்க தம்பி, ஓலை கட்ட ஆள் வேணும்" என்றாள். இருந்தேன். இல்லாவிட்டால் இதை எழுத முடிந்திருக்காது.

அண்ணன் மணலில் உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"தாயி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வெட்டுன்னா வெட்டுறேன். வேணாம்னா விடுறேன்."

"நான் சொல்லி வெட்டினா நாளைக்கு நீங்க என்னைத் திட்டுவீங்க. நான் சொல்லி விட்டா ஊர் திட்டும். எனக்கு அந்த ரெண்டு வேலையும் வேணாம்."

"அப்ப நான் என்ன பண்ணுறது?"

"ஓலையை அடுக்குங்க."

அடுக்கினார். நானும் அடுக்கினேன். தாயி கட்டினாள். ஒரு கட்டு முடிந்தது.

அண்ணன் மறுபடி கேட்டார்: "அவளை எடுத்து வேற இடத்துல வச்சுடலாமா?"

தாயி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். "வைக்கலாமே. எங்கே தோண்டுவீங்க?"

அண்ணன் மட்டி ஓடு பதித்த மேட்டைக் காட்டினார்.

"அங்கேதான் வச்சீங்களா?"

"அங்கேதான்" என்றார். சொன்ன பிறகு அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். பாடையைத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு தாழம்புதரை ஒட்டிக் குழி எடுத்தது எனக்கு ஞாபகம் இருந்தது. இப்போது மேட்டுக்குப் பக்கத்தில் தாழை எதுவும் இல்லை. கண்ணைச் சுருக்கித் தெற்கே பார்த்தேன். வெகு தள்ளி, கடலின் பக்கம், மணலில் பாதி புதைந்து ஒரு தாழம்புதர் காய்ந்து நின்றது.

அண்ணனும் அதைப் பார்த்துவிட்டார்.

"காத்து கலைச்சுடும் தாயி" என்றார் மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் மணல் ஒதுங்கின பக்கமா நான் திரும்பக் கூட்டி வைப்பேன்."

"எந்த மணலை?"

"இங்கே கிடக்கிறதைத்தான்."

"இங்கே கிடக்கிறது எங்கேருந்து வந்துச்சு?"

"தெக்கேருந்து. காத்துல வரும்."

"அவங்க மேல நீங்க அள்ளிப் போட்ட மணலு?"

அண்ணன் வடக்கே பார்த்தார். வடக்கே கண்ணுக்கு எட்டிய வரை மணல்தான். அதற்கப்புறம் கடல்.

"பூவரசு?" என்று கேட்டாள் தாயி.

"ஆரம்பத்துல நட்டது சாஞ்சிடுச்சு. அதுலேருந்து ஒரு கொம்பு ஒடிச்சு நட்டேன். மேடு இருக்கிற பக்கமா."

"ம்."

 கடலின் சத்தம் ஒரு பக்கம் கேட்டது. கழியின் பக்கம் சத்தமே இல்லை. ஒரு ஆலா தனியாகப் பறந்து வந்து, தண்ணீரைப் பார்த்துவிட்டு, கடல் பக்கம் திரும்பிப் போனது.

தாயி கடைசிக் கட்டையும் கட்டி முடித்தாள். பானையையும் சட்டியையும் கூடைக்குள் வைத்தாள். பழைய கருவாட்டுக் கூடை. அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். பிறகு சாதாரணமாக, நெத்திலி என்ன விலை என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"முன்னெல்லாம் இடம் சொன்னது யாருண்ணே?"

"எந்த இடம்?"

"வெட்டுற இடம்."

"அவதான்."

"எப்படிச் சொல்லுவாங்க?"

"வாயைத் திறக்கமாட்டா. தாடையை நீட்டுவா. அவ்வளவுதான்."

தாயி தலையாட்டினாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தோணியை நோக்கி நடந்தாள்.

அண்ணன் எழுந்தார். அன்றைக்கு முதல் தடவையாகப் பூவரசுக்குக் கீழே தண்ணீரைப் பார்த்தார். மடவைகள் அசையாமல் நின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக, அத்தனையும் ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன.

ரொம்ப நேரம் பார்த்தார். நான் ஓலைக்கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். கூப்பிடவில்லை.

தோணியில் வரும்போது ஒன்று கேட்டார். "நாளைக்கு வெளியே கடல்ல வத்தம் எப்போ தம்பி?"

"விடிஞ்சு கொஞ்ச நேரத்துலண்ணே."

"மம்பட்டியைத் தீட்டி வை."

மறுநாள் காலையில் ஊரே தோணிகளில் வந்தது. அண்ணன் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். அவர் பூவரசுப் பக்கம் போனார். பேச்சு நின்றுவிட்டது. அஞ்சப்பன் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். செவந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வழக்கப்படி மஞ்சள் அரிசி தூவினார்கள். பால் ஊற்றினார்கள். அண்ணன் மேட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, துண்டின் முனையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி முடிந்தார். எழுந்து இரண்டு எட்டு நடந்தார். என்ன நினைத்தாரோ, நின்று, முடிச்சை அவிழ்த்து அங்கேயே கொட்டிவிட்டார்.

பிறகு மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டுப் போட்டார்.

கடல் பக்கம் தண்ணீர் இறங்கியிருந்தது. கழி பக்கம் தளும்பி நின்றது. ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். கடைசி மணலை எடுத்ததும் தண்ணீர் நூல்போலப் போனது. ஒரு குழந்தை தாண்டிவிடலாம். பிறகு கயிறுபோலப் போனது. கரை இரண்டு பக்கமும் சரிய ஆரம்பித்தது. "ஏறு, ஏறு" என்று அஞ்சப்பன் கத்தினார். எல்லாரும் மேலே ஓடினோம். உள்ளே தேங்கிக் கிடந்த அத்தனை தண்ணீரும் அந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டது. மணல் பெரிய பெரிய பாளங்களாக உடைந்து விழுந்தது. கறுப்பாக ஒரு கூட்டம் தண்ணீருக்குள் பாய்ந்து கடலுக்குள் போனது. மடவைகள் முதலில் போயின.

தாயியின் குடிசை இருந்த இடம் போனது. மட்டி ஓடுகள் சரசரவென்று உள்ளே விழுந்தன. பூவரசு விழவில்லை. வேரோடு மணலோடு நின்றபடியே நகர்ந்தது. கொஞ்ச தூரம் நேராக மிதந்து போனது. அலை வாயில் சாய்ந்தது. பிறகு தெரியவில்லை.

யாரும் கைதட்டவில்லை.

வெயில் ஏறுவதற்குள் கழியின் நடுவே சேறு தலைகாட்டியது. முதலில் ஒரு திட்டு. பிறகு பல திட்டு. எங்கே இருந்தன என்று தெரியாது, உள்ளான்கள் வந்து இறங்கின. நாங்கள் தோணிக்குத் திரும்புவதற்குள் சேறு முழுக்க அவற்றின் கால் தடமாகிவிட்டது. தெற்குக் காட்டில் நண்டுகள் மரத்தைவிட்டு இறங்குவதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள்.

"மாமா" என்று செவந்தி அண்ணன் பக்கத்தில் வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயந்திரம் வரைக்கும் அண்ணன் அங்கேயே நின்றார். ஊர் திரும்பிவிட்டது. நானும் தாயியும் மட்டும் இருந்தோம். தெற்கே தள்ளி ஓலைக்கட்டுகளை இறக்கி, புதுக் குடிசைக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள் தாயி. நான் குழி தோண்டிக் கொடுத்தேன். ஓட்டம் மெல்ல மெல்லத் தணிந்தது. கொஞ்ச நேரம் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. அதற்கப்புறம் உள்நோக்கித் திரும்பியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் ஏற்றம்.

அண்ணன் எங்களிடம் வந்தார். துண்டு ஈரமாக இருந்தது. கண் சிவந்திருந்தது.

"தாயி."

"சொல்லுங்கண்ணே."

"தினமும் இங்கே வருவேன். மேட்டுக்குப் பக்கத்துல உக்காருவேன். ஒரு விளக்கு வைப்பேன். நாள் கிழமைன்னா பூ போடுவேன்."

"ஆமா."

"இனிமே அவளைப் பார்க்க நான் எங்கே போவேன்?"

தாயி கையிலிருந்த குச்சியை மணலில் ஊன்றி, அசைத்துப் பார்த்தாள். அது நின்றது. பிறகு முகத்தின் பக்கம் திரும்பினாள். தண்ணீர் கடலிலிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. மேற்கே, எங்கள் ஊர் ஓடைகளை நோக்கி.

"நீங்க ஏண்ணே போவணும்?" என்றாள். "வத்தத்துல அவங்க கடலுக்குப் போவாங்க. ஏத்தத்துல உங்க வீட்டு வாசலுக்கு வருவாங்க. அந்த நேரத்துக்கு நீங்க வீட்டுல இருங்க."

நாகமுத்து அண்ணன் தோணியில் ஏறி உட்கார்ந்தார். ஏற்றம் எங்களை ஊர் வரைக்கும் கொண்டுவந்து விட்டது. துடுப்பு அதிகம் போடவேண்டியிருக்கவில்லை.

அண்ணனின் அந்த வீடு இப்போது இல்லை. கீழ்ப்படி இருக்கிறது. ஏற்றத்தில் நனைகிறது.